"பாவம், அது வீட்டிலேயே இருக்கட்டும்!"

வயதானவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பதற்கு நம்மிடம் அழகான ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. "பாவம், அவங்களுக்கு எதுக்கு சிரமம், வீட்டிலேயே இருக்கட்டும்." கல்யாணத்துக்குப் பாட்டி வேண்டாம், மண்டபத்தில் படி ஏற முடியாது. சினிமாவுக்குத் தாத்தா வேண்டாம், ஏசி குளிரும். சுற்றுலாவுக்கு இரண்டு பேருமே வேண்டாம், கால் வலிக்கும். கேட்பதற்கு எவ்வளவு கரிசனமாக இருக்கிறது! ஆனால் இந்த வாக்கியத்தில் வரும் 'பாவம்' யாருக்காக என்பதுதான் என் சந்தேகம். நிஜமாகவே அவர்களுக்காகவா? இல்லை, அவர்களோடு போனால் நாமும் மெதுவாக நடக்க வேண்டியிருக்குமே என்று நமக்காகவா?

பயப்படாதீர்கள், பெரிய தத்துவ விசாரணைக்கெல்லாம் போகவில்லை. விஷயம் ஒரு நாயைப் பற்றியது :-)

போன மாதம் வகுப்பு நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து புலாவ் உபினுக்கு ஒரு நாள் போய் வந்தோம். சிங்கப்பூரின் வடகிழக்கு ஓரத்தில், ஜொகூரைப் பார்த்தபடி கிடக்கும் தீவு அது. இறுதியாண்டு, இன்னும் சில மாதங்களில் ஆளுக்கு ஒரு திசையில் போய்விடுவோம். அதற்கு முன் ஒரு நாளாவது சேர்ந்து சுற்ற வேண்டும் என்பது நெடுநாள் பேச்சு. எங்கள் தோழி ஒருத்தி, தன் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாள். நாய்க்கு வயது பதின்மூன்று. உடனே வாட்ஸப் குழுவில் அந்தப் புனித வாக்கியம் வந்து விழுந்தது: "பாவம், அது வீட்டிலேயே இருக்கட்டும்!" அதற்குப் பிறகு மூன்று நாள் சண்டை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் நம்முடைய நடையில் இல்லை, அதன் நடையில். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அது பாசம் இல்லை, கொடுமை.

நாயகன் அறிமுகம்

நாயின் பெயர் மணி. (நாய்க்கு மணி என்று பெயர் வைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது.) சிங்கப்பூரில் தெருவில் பிறந்து வளரும் கலப்பின நாய்களைச் செல்லமாக 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்பார்கள். நம் ஊர் நாட்டு நாயின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீவக அடுக்குமாடி வீடுகளில் பட்டியலில் உள்ள சிறிய இன நாய்களைத்தான் வளர்க்கலாம், அதுவும் வீட்டுக்கு ஒன்று. இந்த ஸ்பெஷல்கள் நடுத்தர உயரம், எனவே வெகுகாலம் அவற்றுக்கு அங்கே இடமில்லை. 2012இல் 'அடோர்' என்ற சோதனைத் திட்டம் வந்த பிறகுதான், விலங்குநல அமைப்புகள் மூலம் இவற்றைத் தத்தெடுத்து வீவக வீட்டில் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. தோழி ஆரம்பப் பள்ளியில் படித்தபோது மணி அப்படித்தான் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். 'சேர்ந்தான்' என்று எழுதிவிட்டேனே என்று பார்க்கிறீர்களா? அந்த வீட்டில் யாரும் அவனை 'அது' என்று சொல்வதில்லை. நானும் இனி 'அவன்' என்றே எழுதுகிறேன்.

பதின்மூன்று வயது என்றால் மனிதக் கணக்கில் எவ்வளவு? நாய்க்கு ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருப்போம். அப்படியானால் 91. இந்த வாய்ப்பாடு சரியில்லை. ஒரு வயது முடிந்த நாய் குட்டி போடும். நம் வீட்டு ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்போதுதான் பால் பல் விழுந்துகொண்டிருக்கும். 2020இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆராய்ச்சியாளர்கள் நூற்றுச் சொச்சம் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவில் வயது ஏற ஏற மாறும் ரசாயனக் குறிகளை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் சொன்னார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுத்து, 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்ட வேண்டும். (கணக்கில் அரியர் வைத்திருப்பவர்கள் அடுத்த வரிக்குப் போகலாம்.) இதன்படி ஒரு வயது நாய்க்கு 31, நான்கு வயது நாய்க்கு 53, பதின்மூன்று வயது நாய்க்கு 72. இது லாப்ரடாரை வைத்துப் போட்ட கணக்கு. மணிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நாயின் வாழ்க்கை ஆரம்பத்தில் எத்தனை வேகமாக ஓடிவிடுகிறது என்பது இதில் தெரிகிறது. நாம் பிளஸ் டூ முடிப்பதற்குள் அது நம்மைத் தாண்டிப் போய்க் கிழவனாகிவிடுகிறது.

மணியின் கண்ணில் நீலம் கலந்த ஒரு மங்கல் இருக்கிறது. வயதான நாய்களின் கண்வில்லை கெட்டிப்படுவதால் வருவது. பார்ப்பவர்கள் கண்புரை என்று நினைப்பார்கள், இரண்டும் வேறு. இந்த மங்கலால் பார்வை பெரிதாகக் குறைவதில்லை. காது பாதிதான் கேட்கும். பின்னங்கால் மூட்டில் தேய்மானம். உட்கார்ந்து எழும்போது ஒரு நிமிஷம் யோசித்துத்தான் எழுந்திருப்பான். மூக்கு மட்டும் இன்னும் புத்தம் புதுசு.

சண்டையில் சொன்னதும் சொல்லாததும்

எதிர்க்கட்சி மூன்று காரணம் வைத்திருந்தது. அதில் இரண்டைத்தான் வெளியே சொன்னார்கள்.

முதல் காரணம் வெயில். இது நியாயமான காரணம். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்குமே தவிர, உடம்பைத் தணித்துக்கொள்ள நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவதுதான் வழி. வாயிலும் நாக்கிலும் இருக்கும் ஈரம் ஆவியாக வேண்டும். சிங்கப்பூரில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த வேலை சரியாக நடக்காது. வயதான நாய்க்கு இன்னும் கஷ்டம்.

இரண்டாவது காரணம் மற்றவர்கள். இதுவும் நியாயமானதுதான். நாய் என்றாலே நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மத நம்பிக்கையின்படி நாயின் எச்சில் படக்கூடாது என்று இருப்பவர்கள் இருக்கிறார்கள். பம்போட் என்கிற அந்தச் சின்னப் படகில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். நம் பாசத்துக்கு அவர்கள் ஏன் ஒதுங்கி உட்கார வேண்டும்?

மூன்றாவது காரணத்தை யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மணி வந்தால் சைக்கிளில் தீவைச் சுற்ற முடியாது. நம்முடைய நாள் மெதுவாகிவிடும்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். முதல் இரண்டு காரணங்களுக்கும் வழி கண்டுபிடிக்கலாம், யோசித்தால் போதும். மூன்றாவதுக்கு வழியே கிடையாது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஏற்றுக்கொள்ள மனசில்லாதபோது முதல் இரண்டையும் பெரிதாக்கி அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். பாட்டி விஷயத்தில் நடப்பதும் அச்சு அசல் இதுதானே? மண்டபத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்க ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த போனைப் போடுவதில்லை.

ஏறும் வரை

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் தோழி கேட்டுவிட்டாள். மூட்டைத் தவிர வேறு கோளாறு இல்லை, வெயிலுக்கு முன் போய்விட்டு வந்தால் சரி என்று சொன்னார். சிங்கப்பூரில் பேருந்திலும் எம்ஆர்டியிலும் வழிகாட்டி நாய்களுக்கு மட்டும்தான் இடம். எனவே தோழியின் அப்பா விடியற்காலையில் தன் காரில் சாங்கி படகுத்துறையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கூடவே மடக்கி வைக்கும் ஒரு தள்ளுவண்டி! குழந்தைகளுக்கு இருக்குமே, அதே மாதிரி நாய்க்கு. "டேய், நாய்க்குப் பல்லக்கா?" என்று எங்கள் குழுவின் நெட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். பதினொரு மணிக்கு அதைத் தள்ளிக்கொண்டு வந்தவனும் அவன்தான், அது வேறு விஷயம் :-)

உபின் படகுகளுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். தலைக்கு 4 வெள்ளி. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவசரம் என்றால் பன்னிரண்டு பேருக்கான 48 வெள்ளியையும் நாமே கொடுத்து முழுப் படகையும் எடுத்துக்கொள்ளலாம். நாயை ஏற்றுவது படகுக்காரர் மனசைப் பொறுத்தது. நெட்டையன் போய், "அங்கிள், கெழவன் ஒருத்தன் இருக்கான், ஏத்திக்குவீங்களா?" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில் கேட்டான். அவர் மணியைப் பார்த்தார், தலையாட்டினார். நாங்கள் முழுப் படகுக்கும் பணம் கொடுத்துவிட்டோம். ஆளுக்குப் பத்து வெள்ளிக்கும் குறைவு. இரண்டாவது காரணம் அத்தோடு தீர்ந்தது. பத்து நிமிஷத்தில் அக்கரை.

மூக்கு போட்ட வழி

உபின் பெரிய தீவு இல்லை, பத்து சதுர கிலோமீட்டர் சொச்சம். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய இடம். கிழக்கே பெட்ரா பிராங்கா பாறையில் 1851இல் எரியத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், ஜொகூரோடு சிங்கப்பூரை இணைத்து 1924இல் திறக்கப்பட்ட பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது. கடைசிக் கல்குவாரி 1999இல் மூடப்பட்டது. வெட்டிய பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாகிவிட்டன. முன்பு ஆயிரக்கணக்கானோர் இருந்த ஊரில் இப்போது மிகச் சில குடும்பங்கள்தான். படகுத்துறையை ஒட்டி ஒரு சின்னக் கடைத்தெரு, சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகள், கடலுணவுக் கடைகள், சீனக் கோயில், அதற்கு எதிரே கூத்து மேடை.

எல்லோரும் என்ன செய்வார்கள் தெரியுமா? இறங்கியதும் சைக்கிள் எடுப்பார்கள். மூச்சு வாங்க மிதித்து செக் ஜாவாவுக்குப் போவார்கள். அந்த அலையாத்திக் காட்டையும் சேற்றுப் பரப்பையும் மண் போட்டு மூடுவதாக இருந்த திட்டத்தை, மக்கள் குரல் கொடுத்த பிறகு 2001 இறுதியில் அரசு தள்ளிவைத்தது. அருமையான இடம், சந்தேகமே இல்லை. படம் எடுப்பார்கள், திரும்ப மிதிப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், படகு. நானும் இதற்கு முன் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். தீவின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை பார்த்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணியோடு போன அன்று காலை முழுக்க நடந்தது இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

கடைத்தெருவைத் தாண்டவே அரை மணி நேரம். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு மரியாதை. ஒவ்வொரு புல் கொத்திலும் ஒரு விசாரணை. முதல் பத்து நிமிஷம் எங்களுக்குக் கால் பரபரத்தது; கயிற்றை இழுத்தால் என்ன என்று தோன்றியது. தோழி விடவில்லை. "அவனுக்கு இதுதான்டா ஊர் சுத்திப் பாக்கிறது. நீ கண்ணால பாக்கிற, அவன் மூக்கால பாக்கிறான்" என்றாள். அவள் சொன்னது வெறும் பாசப் பேச்சு இல்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மோந்து பார்த்துத் தேடும் பயிற்சியும், மற்றதற்குச் சொன்னபடி பக்கத்திலேயே நடக்கும் பயிற்சியும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். பிறகு, உள்ளே தீனி இருக்குமா இருக்காதா என்று நிச்சயமில்லாத ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். மோந்து பழகிய நாய்கள் முன்பைவிட வேகமாகக் கிண்ணத்தை நோக்கிப் போயின, 'இருக்கும்' என்ற நம்பிக்கையோடு. மற்றக் குழுவில் அந்த மாற்றம் இல்லை. மூக்கை அதன் போக்கில் விட்டால் நாயின் மனநிலையே நன்றாகிறது என்று இதற்கு அர்த்தம். காதும் காலும் தளர்ந்த நாய்க்கு, மிச்சம் இருக்கும் பெரிய சந்தோஷமே இந்த மூக்குதான். அதையும் அவசரத்தில் இழுத்துக்கொண்டு போனால் எப்படி?

அரை மணி கழித்து எங்களுக்கும் கால் அடங்கிவிட்டது. கூத்து மேடைக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானை மணி கண்டுபிடித்தான். கிராமத்தை ஒட்டி இருக்கும் பெக்கான் குவாரி ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். கொக்கும் நாரையும் வந்து இறங்குவதை ஒரு மணி நேரம் பார்த்தோம். கருப்பும் வெள்ளையுமாக ஓர் இருவாச்சி தலைக்கு மேலே பறந்தது. இரண்டு முறை சைக்கிளில் வந்தபோது இதே ஏரியை நான் கடந்து போயிருக்கிறேன். இரண்டு முறையும் இங்கே நின்றதில்லை.

செக் ஜாவாவுக்கு மணியைக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணம் முதலிலிருந்தே எங்களுக்கு இல்லை. நடந்தால் முக்கால் மணி நேரத் தூரம். அதோடு, கரைப்பறவைகள் இரை தேடும் இடத்தில் நாயோடு போய் நிற்பது முறையும் இல்லை. அங்கே போயே தீர வேண்டும் என்றிருந்த இரண்டு பேர் சைக்கிள் எடுத்துக்கொண்டு போனார்கள்; பதினொன்றரைக்குக் கடைத்தெருவில் சந்திப்பது என்று பேச்சு. மெதுவாகப் போவது என்றால் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிப்போடுவது இல்லை. வேகமாகப் போகிறவன் போய்விட்டு வரட்டும். ஆனால் மொத்தக் கூட்டமும் எங்கே எப்போது சேர வேண்டும் என்பதை மெதுவாக வருகிறவனை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குடும்பச் சுற்றுலாக்களிலும் இதைச் செய்யலாம். மலைக்கோட்டை உச்சி வரை ஏறுகிறவர்கள் ஏறட்டும். கீழே தாத்தாவோடு ஒருவர் காபி குடிக்கட்டும். அடுத்த இடத்தில் ஆள் மாறட்டும். காரில் தாத்தாவை மட்டும் தனியாக உட்கார வைத்துவிட்டு எல்லோரும் ஓடிவிடுவதுதான் தப்பு.

பேச்சும் நடையைப் பொறுத்ததுதான்

இன்னொரு விஷயம் அன்று கவனித்தேன். சைக்கிளில் போகும்போது யாரும் பேசுவதில்லை; கத்துவோம், அவ்வளவுதான். நாயின் நடையில் நடந்தால் பேசாமல் இருக்க முடியாது. ஏரிக்கரையில் எங்களில் அதிகம் வாய் திறக்காதவன் ஒருவன், படிப்பு முடிந்ததும் இங்கே வேலை தேடப்போவதில்லை, ஊருக்கே போய்விடப்போகிறேன் என்றான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையாம், ஒரு வருஷமாக. எங்களுக்குத் தெரியாது. மூன்று வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம், ஒன்றாகப் பரீட்சைக்கு முழித்திருக்கிறோம். அதைச் சொல்வதற்கு ஓர் இடைவெளி எங்கள் ஓட்டத்தில் கிடைக்கவே இல்லை போலிருக்கிறது. அவன் மணியின் முதுகைத் தடவிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல்தான் சொன்னான்.

நாலடியாரில் நட்பை ஆராய்வது பற்றிய அதிகாரத்தில் ஒரு பாட்டு உண்டு, பள்ளியில் படித்திருப்பீர்கள். யானை மாதிரி நண்பனைவிட நாய் மாதிரி நண்பன் மேல் என்பது அதன் கருத்து. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் நாய் வாலை ஆட்டும் என்று காரணமும் சொல்லியிருக்கும். நல்ல உவமைதான். ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. நாய் நமக்கு என்ன செய்யும் என்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது. வாலாட்டிய நாய்க்குப் பதின்மூன்று வயதானபோது நாம் என்ன செய்வோம்? நன்றிக்கு நாயை உதாரணம் காட்டியே நாம் பழகிவிட்டோம், பதிலுக்கு நம் பக்கத்து நன்றியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

உபினைப் பற்றி ஒரு பழைய கதையும் சொல்வார்கள். ஒரு தவளை, ஒரு பன்றி, ஒரு யானை மூன்றும் சிங்கப்பூர்க் கரையிலிருந்து ஜொகூர்க் கரைக்கு நீந்திப் போட்டி போட்டனவாம். போய்ச் சேராதவை கல்லாகிவிடும் என்பது நிபந்தனை. மூன்றுமே சேரவில்லை. தவளை செக்குடு என்ற குட்டித் தீவானது. பன்றியும் யானையும் சேர்ந்து உபின் ஆயின. போட்டி வைத்துக்கொள்ளாமல் பேசிக்கொண்டே நீந்தியிருந்தால் ஒன்றாவது கரை சேர்ந்திருக்குமோ என்னவோ :-)

கூட்டிப் போகிறவர்களுக்கு

கருத்து மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. வயதான நாயோடு ஒரு நாள் வெளியே போக நினைப்பவர்களுக்கு, நாங்கள் கடைப்பிடித்தவை:

1. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இதயக் கோளாறு, மூச்சுத் திணறல் இருக்கும் நாயையோ, மூக்கு சப்பையான இனங்களையோ வெப்ப நாட்டில் இப்படிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டியில் ஏறினாலே நடுங்கும் நாய்க்கும் வீடுதான் நல்லது.

2. காலை வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

3. தண்ணீரும் கிண்ணமும் கையில் இருக்கட்டும். கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். உப்பு அதிகமானால் வாந்தி, பேதியில் தொடங்கி ஆபத்தில் முடியும்.

4. கயிறு கட்டாயம். உபினில் காட்டுப் பன்றிகளும் குரங்குகளும் உண்டு. அது அவற்றின் வீடு, நாம்தான் விருந்தாளி. கழிவை அள்ளப் பை எடுத்துப் போங்கள்.

5. கால் ஓய்ந்தால் ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

6. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்ற பேச்சே கூடாது. நாய்கள் வலியை வெளியே காட்டிக்கொள்வதில்லை. நின்று நின்று நடப்பது, நக்கிக்கொண்டே இருப்பது, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ மறுப்பது இவைதான் அவற்றின் பேச்சு. மணி பதினோரு மணிக்கு அப்படி ஓர் ஆலமர நிழலில் உட்கார்ந்துவிட்டான். நடை அத்தோடு முடிந்தது. ஒரு மணிக்கெல்லாம் வீடு.

ஆறையும் செய்ய முடியாது என்றால் தாராளமாக நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், அதில் தப்பே இல்லை. முடியாத நாயை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால் அது நம் புகைப்படத்துக்காகத்தான் இருக்கும்.

அப்படியானால் யாரைக் கூட்டிப் போவது?

"எல்லாம் சரிடா, ஒரு நாய்க்கு இவ்வளவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாயையும் பாட்டியையும் ஒரே தட்டில் வைக்கிறானே என்று கோபமும் வரலாம். நான் வைக்கவில்லை. ஆனால் நாய்க்கே இவ்வளவு யோசித்துச் செய்ய முடிகிறது என்றால், வாய் திறந்து பேசத் தெரிந்த மனிதர்களுக்குச் செய்வது இன்னும் சுலபம் இல்லையா?

நம் ஊரில் தீவுக்குப் போவது என்றால் முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு ராமேஸ்வரம்தான். யோசித்துப் பாருங்கள், அந்தப் பயணத்துக்கு மட்டும் பெரியவர்களைத்தான் முதலில் வண்டியில் ஏற்றுவோம். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கைபிடித்து இறக்கிக் கடலைக் காட்டுவோம். இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் பொறுமையாகக் கூடவே நடப்போம். அப்போது கால்வலி ஒரு காரணமாக வருவதில்லை. ஆக, மெதுவாக நடக்க நமக்குத் தெரியும். புண்ணியத்துக்கு என்றால் நடப்போம், சும்மா சந்தோஷத்துக்கு என்றால் மாட்டோம். வயதானவர்களுக்குக் கோயில் போதும், கடற்கரையும் ஐஸ்கிரீமும் எதற்கு என்று யார் முடிவு செய்தது?

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகப்போகிறோம். எங்காவது கிளம்பும்போது, "வர்றீங்களா பாட்டி?" என்று கேளுங்கள். எத்தனை படி, எவ்வளவு தூரம், எங்கே உட்காரலாம், எப்போது திரும்புவோம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "எனக்கு முடியாதுப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுடையது. அவர்களுக்குப் பதிலாக அதை நாமே சொல்லிவிடக்கூடாது.

நாயிடம் எப்படிக் கேட்பது என்கிறீர்களா? அது ரொம்ப சுலபம். கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். வர விருப்பம் இருந்தால் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும். எழுந்து வர ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் நீங்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.